ஜெபகுமார் வராத மேசை

செங்கல்பட்டு வணிகர்களின் காலை விருந்து அது. "இன்னும் அஞ்சே வருஷம், நம்ம மாவட்டம் எங்கேயோ போயிடும்" என்று மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

நூர்முகமதுவின் கவனமெல்லாம் ஜெபகுமார் மேல்தான் இருந்தது. மாமல்லபுரத்தில் இருவருக்கும் எதிரெதிரே லாட்ஜ். ஜெபகுமார் மேசை மேசையாகப் போய்க் குனிந்து பேச, ஒவ்வொருவரும் அவர் தோளில் தட்டினார்கள்.

"பாத்தியா அவன் மவுச!" என்றார் மனைவி ஜெய்புன்னிசாவிடம். "ஊரே தட்டிக் குடுத்துகினு கீது."

"பொங்கல் ஆறுது, சாப்பிடுங்க."

"நம்மகிட்ட மட்டும் வரல. அவ்ளோ திமிரு!"

பாதிப் பொங்கலிலேயே நூர்முகமது எழுந்துவிட்டார். வாசலில் ஜெபகுமார் வந்து வழிமறித்தார்.

"பாய், லாட்ஜ வித்துட்டேன். கடன் தாங்கல. எங்கனா மேனேஜர் வேல கீதான்னு எல்லாராண்டயும் கேட்டேன். 'பாக்கலாம்'னு தோள்ல தட்டி அனுப்பிட்டாங்க. உங்களாண்ட கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு."

நூர்முகமதுவுக்கு அவர் தோளில் தட்டக் கை எழவில்லை.

"நாளைக்கே வந்துடு" என்றார்.

காரில் ஏறியதும் ஜெய்புன்னிசா மெதுவாகக் கேட்டாள்: "இப்ப வயிறு நெறஞ்சிச்சா?"