படி ஏறக் கூடாதாம்

"உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், அவள் பொரிந்து தள்ளினாள்.

"எப்படி வருவாரு? அவர் ஆபீஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் செக்கப் பண்ணாங்க. கண்ணாடிகூடப் போடாம ரிப்போர்ட் கவரைப் பிரிச்சாரு. ஈசிஜியில 'பிளாக்'ங்கற வார்த்தை மட்டும் கண்ணுல பட்டுது. அன்னைக்குப் படுத்தவர்தான், ஒரு மாசம் ஆச்சு. படி ஏறக் கூடாதாம். தண்ணி கேன், மளிகை எல்லாத்தையும் மூணு மாடிக்கு நான்தான் சுமக்கறேன். தலையணைக்கு அடியில வச்சிருந்த கவரை இன்னைக்குத்தான் உருவிட்டு வந்தேன்."

"அவருக்கு மயக்கம் ஏதாவது வருதா?"

"சாப்பாடு பத்து நிமிஷம் லேட்டானா வரும்! பயப்படணுமா வேணாமா, அதைச் சொல்லுங்க."

டாக்டர் மேலிருந்த தாள்களைப் பார்த்தார். "வேணாம்மா. இதயத்துல மின்சாரம் போற பாதை வலது பக்கம் கொஞ்சம் மெதுவா இருக்கு, அவ்வளவுதான். எக்கோ ஸ்கேனும் நல்லா இருக்கு. தாராளமா படி ஏறலாம், மூட்டையும் தூக்கலாம்."

"இதுக்கா ஒரு மாசம் என் உசிரை வாங்கினாரு?"

டாக்டர் தாளின் மேல் ஓரத்தை மறுபடி பார்த்தார். "அம்மா, இதுல உங்க பேர் இருக்கு. அவரோடது அடியில இருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல."

அவள் தாள்களை வெடுக்கென்று பிடுங்கிப் பைக்குள் திணித்தாள்.

"என் பிளாக்கை வச்சுக்கிட்டு அவர் படுத்திருந்தாரா? நாளையிலிருந்து நான் படுக்கறேன்!"

"உங்களுக்கு ஓய்வே தேவையில்லம்மா."

"அது ஒரு மாசம் நமக்குள்ளயே இருக்கட்டும் டாக்டர்."