என்ஜின் நின்ற இடம்

பழைய பந்தயக் கார் ஒன்றைப் பிரித்துப்போட்டு, புதிதாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஏறிய என்ஜினுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியின் பாடி அதிராமலிருக்கத் தன் அடியில் ரப்பர் வைத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டது. பிரேக் வந்ததும்தான் கொதித்துப்போனது.

"ஓடுற வண்டிக்கு நீ எதுக்குடா? ஓரமாப் போ!"

"சரிண்ணே" என்றபடி பிரேக் சக்கரத்துக்குள் ஒடுங்கிக்கொண்டது.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் கிளப்பினார்கள். பழத்தை நசுக்கியதோடு என்ஜினுக்கு ஆசை அடங்கவில்லை. சீறிப் பாய்ந்தது. எதிரே பட்டறைச் சுவர்!

"ஐயோ, பிரேக்கண்ணே! காப்பாத்துங்கண்ணே!"

கிரீச்! சுவருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

நடுக்கம் தீர்ந்ததும் என்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு ரப்பரிடம் சொன்னது: "பார்த்தியா, எப்படி நின்னேன்!"