ஞாயிற்றுக்கிழமைக் கணவர்

பக்கவாதம் வந்த பிறகு ரங்கராசின் தலைக்குள் ஒரு சில்லு வைத்தார்கள். அதை இயக்கும் மென்பொருளுக்குக் கர்னல் என்று பெயர். அதில் புதிய கர்னல் ஏறியதும் கைநடுக்கம் நின்றது, வலியும் போனது. கூடவே, மனைவியை "அம்மிணி" என்று கூப்பிடுவதும் போய்விட்டது. மரகதம் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி மரியாதையாக.

நல்லவேளை, பழைய கர்னலும் அழியாமல் சில்லிலேயே இருந்தது. ஞாயிறுதோறும் மரகதம் அவரை ரீஸ்டார்ட் செய்து அதைத் தேர்ந்தெடுப்பாள். கண் விழித்ததுமே வலி தொடங்கிவிடும். காப்பியைச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டே, "ஏனம்மிணி, இன்னைக்கும் சக்கரையக் கொறச்சுட்டியா?" என்று சிரிப்பார். பொழுது சாயும்போது பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். உடனே அவள் புதியதுக்கே மாற்றிவிடுவாள்.

இந்த ஞாயிறு அவளுக்கு மனம் வரவில்லை. பாவம், ஒரு வாரமாவது வலியில்லாமல் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று மத்தியானம் அடுத்த கர்னல் வந்து இறங்கியது. சில்லில் இரண்டுக்குத்தான் இடம். ஓடிக்கொண்டிருந்ததையும் புதிதாக வந்ததையும் வைத்துக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்ததை அது தானாகவே அழித்துவிட்டது.

"அந்நேரம் பழசு ஓடிட்டிருந்தா அழிஞ்சிருக்காதுங்கம்மா," என்றாள் சேவை மையத்துப் பெண்.

மரகதம் போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். வேண்டுமென்றே சர்க்கரையே போடாமல் காப்பி கலந்து எடுத்துவந்து கொடுத்துவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரங்கராசு ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்து முடித்தார்.

"நல்லாருக்குங்க, மரகதம்."