காலஞ்சென்ற என்னும் கட்டம்

“பொண்ணுக்க அப்பா உண்டல்லோ, அக்கா?”

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள் சுஜா. மலையாள ஊரின் சாலைக் கடைத்தெருவில், தமிழில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிற கடை. அவளுக்கு அது நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி.

மாடம்மாள் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“உண்டு.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. காலையில்கூட அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். ‘காலஞ்சென்ற’ என்று போட்டுவிடு, ஓடிப்போனவன் என்று சம்பந்தி வீட்டார் பேசுவதற்கு அது எவ்வளவோ மேல் என்றான்.

பம்பாய்க்குக் கட்டட வேலைக்கென்று போன மனிதர். மகள் அப்போது பால்குடி மறக்காத பிள்ளை. அதற்குப் பிறகு ஒரு கடுதாசி இல்லை. ஆனால் செத்ததையும் யாரும் பார்க்கவில்லையே. உயிரோடு இருக்கிற மனிதரை எழுத்தில் கொன்றுவிட்டு அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? அதுவும் போக, தாலியறுத்தவள் என்றாகிவிட்டால் மகள் கல்யாணத்தில் குத்துவிளக்கைத் தொடக்கூட விடமாட்டார்கள்.

திரையில் இடப்பக்கம் கட்டங்கள், வலப்பக்கம் பத்திரிகை. கட்டத்தில் பெயரை அடிக்க அடிக்கப் பத்திரிகை தன்னைத் தானே எழுதிக்கொண்டது. தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் விழுந்தால் பத்திரிகையிலும் கவரிலும் ‘காலஞ்சென்ற’ வந்து உட்கார்ந்துகொள்ளும். சுஜா அதைக் காலியாக விட்டாள்.

“அப்பாக்க பேரு?”

கட்டினவர் பெயரை மாடம்மாள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையானாலும் பள்ளிக்கூடமானாலும் மகளைத்தான் சொல்ல வைப்பாள். இன்றும் மகள் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைத்தான் நீட்டினாள்.

சுஜா பாதிப் பெயர்தான் அடித்தாள். மீதியைக் கம்ப்யூட்டரே எழுதியது. பெயரோடும் அது நிற்கவில்லை. ஊர் பணகுடி என்றது. அவர் தகப்பனார் பூதலிங்கம் என்றது.

மாமனார் பெயர் சீட்டில் இல்லை. மாடம்மாளும் அதை இன்னும் சொல்லவில்லை.

“ஒரு தடவை அடிச்ச பேரை இது மறக்காதாக்கும்,” என்று சுஜா சிரித்தாள். “புது வீட்டுப் பால்காய்ப்புக்கும் இங்கதானே அடிச்சீங்க, போன ஆவணியில?”

மாடம்மாள் குடியிருப்பது வாடகை வீட்டில். அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கடை மேசையில் கையை ஊன்றிக் குனிந்து, உதடு அசைய எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

மனைவி, பொன்னம்மை. வீடு, கரமனை.

கரமனை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் சில்லறை எடுப்பதற்குள் வந்துவிடுகிற இடம். இத்தனை காலமும் அவள் பம்பாய் ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேண்டிக்கொண்ட சாமி ஒன்றும் ஏமாற்றவில்லை. ஆளை நன்றாகத்தான் வைத்திருந்தது.

அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கே புரியவில்லை.

“இதையே வச்சுக்கலாம்தானே, அக்கா?”

“பொன்னம்மையை எடுத்துரு. எம்பேரு மாடம்மாள்.”

மவுஸின் மேல் சுஜாவின் கை அப்படியே நின்றது. திரும்பி மாடம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பெயரை மாற்றினாள்.

மாடம்மாள் திரையில் அந்தச் சின்னக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இதுல டிக் போடு மக்களே,” என்றாள். “காலஞ்சென்ற வன்னியபெருமாள்.”