மளை

"மளை விளும்போது அளாதே மகளே…"

"கட்!" இயக்குநர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டார். "மளை இல்ல சார். மழை! நாக்கை மடிச்சு மேல கொண்டு போங்க."

"போக மாட்டேங்குதே," என்றார் நடிகர், மைக் முன்னால் பாவமாக. அவருக்குத் தாய்மொழி வேறு.

எத்தனாவது டேக் என்று எண்ணுவதைச் சவுண்ட் இன்ஜினியர் எப்போதோ விட்டுவிட்டார். டப்பிங் தியேட்டர் இருட்டு. திரையில் கிழட்டுப் படகுக்காரன் வேஷத்தில் அதே நடிகர். சத்தமில்லாத மழையில் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

"திருடன், நீதிபதி, கண்ணு தெரியாதவர், பொம்பளை வேஷம்கூடக் கட்டியாச்சு. நாலு பாஷையில கொடி கட்டிப் பறக்குறீங்க. இந்த ஒரு எழுத்துக்கு என்ன கேடு சார்?" என்றார் இயக்குநர்.

"எல்லா வேஷமும் வந்துடுச்சு. ழகரம் மட்டும் கால்ஷீட் தர மாட்டேங்குது," என்றார் இன்ஜினியர்.

இயக்குநருக்குச் சிரிப்பு வரவில்லை. "சொந்தக் குரல் இருந்தாத்தான் விருதுக்கே அனுப்ப முடியும். இந்தத் தடவை அது உங்க வாசல்ல வந்து நிக்குது. நீங்களே கதவைச் சாத்துறீங்களே!"

"நான் என்ன, வெச்சுக்கிட்டா இல்லேங்கிறேன்?"

வெளியே வராந்தாவில் வெந்நீர் பிளாஸ்க்கோடு குரல்காரர் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாக இந்த மொழியில் நடிகருக்குக் குரல் அவர்தான். வேறு நடிகருக்குப் பேசப் போனால், 'இது அவர் குரலாச்சே' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே அந்த ஒரு எழுத்து வந்துவிட்டால், இவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கதவு திறந்தது.

"வாங்கண்ணே, நீங்களே பேசித் தொலைங்க. இதுக்கு மேல என்னால கல்லுல நார் உரிக்க முடியாது," என்றார் இயக்குநர்.

குரல்காரர் ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார்.

"மழை விழும்போது அழாதே மகளே…"

திரையில் படகுக்காரனுக்கு உயிர் வந்தது. கடைசி வரிசையில் நடிகர் கண்ணை மூடிக் கேட்டார். தூக்கத்தில் தான் பேசுவதைத் தானே கேட்பது போலிருந்தது.

முடிந்ததும் குரல்காரர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கைக்கு வந்தது போச்சே சார்."

"விடுங்கண்ணே. உங்க குரல்லயே பேசிப் பேசி எனக்குப் பளகிப் போச்சு."

கார் கிளம்பியது. வெளியே நிஜ மழை. கண்ணாடியில் கட்டடங்கள் கரைந்து மிதந்தன.

"இந்த வருஷமும் விருதைக் கோட்டை விட்டாச்சா சார்?" டிரைவர் கேட்டார்.

"அது கெடக்கட்டும். பழைய பாலம் வழியாவே விடுப்பா. மழை விழுற அழகைக் கொஞ்சம் பாத்துக்கிட்டே போகலாம்," என்றார் நடிகர்.

ஒரு ழகரம்கூட நழுவவில்லை.