கல் கட்டிய புடலை

காலை வெயில் இன்னும் வாசலுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுச் சைதூன் ஆளுயரப் புடலங்காய் ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். காய் நேராக வளரட்டும் என்று நுனியில் கட்டிய கல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. செபஸ்தியம்மாள் கை நீட்டவில்லை. தோல் பதனிடும் தோல்ஷாப்பில் கணவனுக்கு வேலை போனதிலிருந்து, யார் எதைக் கொடுக்க வந்தாலும் அவள் முதுகு விறைத்துக்கொள்கிறது. "வேணாக்கா. தொட்டுக்க வெஞ்சனம் இருக்கு," என்கிறாள். உள்ளே அடுப்பில் வெறும் கஞ்சி கொதிக்கும் சத்தம் வாசல்வரை கேட்கிறது. சைதூன் அதைக் காதில் வாங்காதவள்போல, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள குட்டைச் சுவரின் அடியில் இருக்கும் ஓட்டையை முகவாயால் காட்டுகிறாள். "எங்க கெணறு வத்தி எம்புட்டு நாளாச்சு. நீ குழாயடியில இருந்து தூக்கியாந்து அரிசி கழுவுற தண்ணிதான் அது வழியா வந்து கொடிய வளத்துச்சு. நான் கல்லு மட்டுந்தான் கட்டுனேன். காயில பாதி உன் பங்கு புள்ள." செபஸ்தியம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். பந்தல் முழுக்க வெள்ளைக் கோடு போட்ட காய்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்க்கிறாள். பிறகு காயை வாங்கி, நுனிக் கல்லை அவிழ்த்து, சைதூனின் உள்ளங்கையில் வைக்கிறாள். "அந்த மூலையில ஒரு பிஞ்சு வளையுதுக்கா. இத அதுக்குக் கட்டிவிடுங்க," என்கிறாள்.