ஒரே சஹன்

“எலும்புத் துண்டைத் தொடவே வேணாம். பொய்ப்பல்லு கழண்டு சஹனுக்குள்ள விழுந்தா என்ட மானம் போயிரும்” என்று வேனில் வரும்போதே நபீலா கெஞ்சியிருந்தாள்.

“ஓம்” என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாகக் கிடைத்தது.

இப்போது ஏறாவூரில், பெண் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாயில் அவள் புருஷன், மகன் றுமைஸ், பெண்ணின் வாப்பா, மாமாமார் என்று ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்தார்கள். ஆறு கையும் ஒரே சோற்றில். அதற்குள் பல் விழுந்தால் கல்யாணப் பேச்சு அதோடு சரி.

புருஷன் எலும்பொன்றை நறுக்கென்று கடித்தார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அறுபத்திரண்டு வயதிலும் அவருக்கு எல்லாம் சொந்தப் பல்லு.

பெண்ணின் வாப்பா பெரிய இறைச்சித் துண்டொன்றை மாப்பிள்ளையின் பக்கம் தள்ளினார். “சாப்பிடுங்க மகன்.”

கட்டார் நாட்டு வேலையில் இரும்புக் கம்பி பட்டு, இருபத்தெட்டு வயதில் முன்பல் நாலையும் பறிகொடுத்த றுமைஸ் அதை வாயில் வைத்தான். இந்த வீட்டாரிடம் மறைத்த சங்கதி! நபீலா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

திறந்தபோது அவன் அடுத்த துண்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

“பயப்படாதீங்க மாமி” என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் மணப்பெண் ஷஸ்னா. “அவர் முதல் நாளே போன்ல எல்லாம் சொல்லிட்டார். எறச்சிய நான்தான் ரெண்டு தரம் அவிச்சன்.”